பேய்க்கதையில் வந்த கருவாட்டுக் குழம்பு

ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே முப்பது பேய்க்கதைகள் எழுதிவிட்டேன். எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும் மாத நாவல்கள். என் மனைவி ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பயம் என்பாள். போன வருடம் பதிப்பாளர் ஒரு யோசனை சொன்னார்: என் கதைகளில் வரும் சாப்பாட்டையெல்லாம் திருச்சி வட்டார வீட்டுச் சமையலாக எழுதி ஒரு புத்தகம் போடலாம். எனக்குச் சாப்பிடத்தான் தெரியும். செய்முறையை எழுத வேண்டியவள் என் மனைவி. ஆகவே அவள் என் கதைகளைப் படித்தாக வேண்டியதாயிற்று.

மத்தியானங்களில், பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள்.

"ரத்தப் பொரியலுக்கு யாராவது புளி ஊத்துவாங்களா? உங்க பேய்க்கு நாக்கே கிடையாதா?"

இரண்டு வாரம் இப்படிச் சிரிப்பும் திருத்தமுமாகப் போனது. ஒருநாள் பாதியில் புத்தகத்தை மூடி வைத்தாள். சாயங்காலம் அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இது என் தங்கச்சிதானே?"

ஆமாம். அவள் தங்கை இருபத்து மூன்று வயதில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனவள். கருவாட்டுக் குழம்பு அருமையாக வைப்பாள். என் கதையில், பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டிலிருந்து தினமும் அந்தக் குழம்பு மணக்கும். பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கலை."

இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள், "புத்தகத்துல வந்தா சரியா வரணும். அவ பக்குவம் அம்மாவுக்குத்தான் தெரியும். கதையைப் பத்தி மட்டும் அங்க மூச்சு விடாதீங்க" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருப்பது வாடகை மாடி; வீட்டுக்காரர் கீழேயே குடியிருக்கிறார். சைவம். கருவாடு அங்கே நடக்காது. கருவாட்டை வாங்கிக்கொண்டு மாமியார் இருக்கும் முசிறிக்கு பஸ் ஏறினோம்.

மாமியார் கருவாட்டை வெந்நீரில் போட்டுவிட்டு வாழைக்காயை நறுக்கத் தொடங்கினார். நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"கத்திரிக்காய்னு எழுதிட்டீங்க மாப்ள. அவ வாழைக்காய்தான் போடுவா."

அவருக்குக் கதை முன்பே தெரிந்திருந்தது. கதை வந்த மாதமே பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்திருக்கிறார்.

"கோவம் வரலையாம்மா?" என்றாள் என் மனைவி.

"வந்துச்சு. தூக்கி வீசிட்டேன். அப்புறம் நானே போய் எடுத்துக்கிட்டு வந்தேன். வர்றவங்க எல்லாரும் அவ செத்ததையே பேசறாங்க. அவ சமைச்சதை இவர் ஒருத்தர்தான் எழுதியிருக்கார்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "புளியைக் கரைங்க" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

குழம்பு கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகுதான் கருவாடு போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். என் மனைவி இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, உப்பு ஒரு கல் கூடுதல் என்றாள் என் மனைவி.

பதிப்பாளர் புத்தகத்தில் அந்தக் குறிப்புக்கு 'செத்தவள் வைத்த குழம்பு' என்று தலைப்புப் போட்டிருந்தார். என் மனைவியே அவருக்குப் போன் செய்தாள். "முசிறிக் கருவாட்டுக் குழம்புன்னு போடுங்க. இல்லைன்னா அந்தக் குறிப்பே புத்தகத்துல வேணாம்." அவர் ஒப்புக்கொண்டார்.

புத்தகம் வந்துவிட்டது. இப்போது எழுதும் கதையில் என் அக்காவின் சுண்டைக்காய் வற்றல் குழம்பு வருகிறது. முதலிலேயே போன் செய்து கேட்டேன். "என்னைப் பேயா எழுதாம இருந்தா சரிடா" என்றாள்.