கழுத்துக்கு மேலே தண்ணீர்

எங்கள் கரையில் வாசிகசாலை இளைஞர்களுக்குத் தொண்டு என்றால் கோயில் வாசலில் மோர் ஊற்றுவது அல்ல. ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடலில் இறங்கி நின்று, தாழப் போகிறவர்களை இழுத்துக் கரையில் போடுவது. கடல் பழகாத செம்மண் ஊர்களிலிருந்து சனம் வண்டி வண்டியாக வரும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

அந்த வேலைக்கு ஆள் எடுக்கவே ஒரு போட்டி நடக்கும். இடுப்பில் கயிறு கட்டி நீந்திப்போய், மிதக்கவிட்ட எண்ணெய்ப் பரலடியில் மூழ்குவதுபோல் நடிக்கிறவனைப் பிடித்துவர வேண்டும். கரையில் நிற்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள். நடிக்கிறவன் மெய்யாகவே உதைப்பான், கடிப்பான். ஊருக்கு ஒரே சிரிப்பு. வெல்கிறவனுக்குக் கிண்ணம் எதுவும் கிடையாது, அமாவாசையன்று முதல் ஆளாகப் பாய்கிற முன்கயிறு அவனுக்கு. எண்பதுகளின் நடுவில், எனக்கு ஏழு வயதாயிருந்த வருடம், என் அண்ணை வென்றார். நான் கரை முழுக்கத் துள்ளினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

முந்திய மாரியில் கடல் தொழிலுக்குப் போன அப்பாவின் வள்ளமும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. நேவி சுட்டுவிட்டது என்றார்கள் சிலர். இந்தியாவில் கரையேறிப் பிடிபட்டு மறியலில் அடைபட்டிருக்கிறார் என்றார்கள் வேறு சிலர். அம்மா மறியலைத்தான் நம்பினார். அக்கரையிலிருந்து யார் வந்தாலும் போய் விசாரிப்பார். ஆடி அமாவாசையில் அந்தக் கடலில் மூழ்குகிறவர்களோ தகப்பனை இழந்தவர்கள். மூன்று தரம் மூழ்கி எழுந்தால், செத்த தகப்பனுக்குப் பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று.

இரண்டு நாள் மறுத்த பிறகு அம்மா அண்ணையை ஒரு நிபந்தனையோடு விட்டார்.

“கடலிலை நில்லு தம்பி, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் கழுத்துக்கு மேலை தண்ணி படக்கூடாது. உங்கடை அப்பா உயிரோடை இருக்கிறார்.”

அண்ணை ஓம் என்றார். உயிர்காக்க நிற்கிறவர் தலை நனையாமல் எப்படி நிற்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அமாவாசையன்று காவலுக்கு அம்மாவும் வந்தார், என்னையும் கையில் பிடித்துக்கொண்டு. அண்ணை நெஞ்சளவு நீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் எம்பி எம்பித் தலையைக் காப்பாற்றினார். கூட்டாளிகள் கேலி செய்தார்கள். மத்தியானம் போல, நீர்வேலியிலிருந்து மகளோடு வந்திருந்த வயதான மனிதர் ஒருவர் மூழ்கினார். எழவில்லை. கல்லில் வழுக்கி, நீரோட்டத்தில் போய்விட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

அண்ணை ஒரு தரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு மூழ்கினார். வெறுங்கையோடு எழுந்தார். மறுபடி மூழ்கினார், மறுபடியும் வெறுங்கை. மூன்றாம் தரம் எழுந்தபோது அந்த மனிதரின் தலைமயிர் கைப்பிடியில் இருந்தது. கயிற்றை இழுத்தார்கள். மனிதர் கக்கிக் கக்கி மூச்சு விட்டார். சனம் கைதட்டியது. என்ரை அண்ணை, என்ரை அண்ணை என்று நான் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினேன். அம்மா அப்படியே கல்லில் குந்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குப் பேச்சு விழும் என்று காத்திருந்தேன். மழையில் நனைந்தாலே எனக்கு விழும். அம்மா முந்தானையால் அவருடைய தலையைத் துவட்டினார். ஈரம் போன பிறகும் துவட்டிக்கொண்டிருந்தார். தன்னில்தான் பிழை என்று அண்ணை தொடங்கினார்.

“இல்லைத் தம்பி,” என்றார் அம்மா. “அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் திரும்பி வந்திட்டார்.”

அடுத்த நாள் காலை அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. வேலை அவசரத்தில் மறந்துவிட்டார் என்று குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா அதை வாங்கித் திறந்து பார்த்து, மூடினார். “இனி வேண்டாம் பிள்ளை.”

குங்குமம் பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். வேலியில் கயிற்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணையிடம் போய், பின்னேரம் கோயிலடியில் அம்மாவுக்குப் புதுக் குங்குமம் வாங்கிவரச் சொன்னேன். ஊரே மெச்சும்படி ஒரு மனிதரைக் கரைசேர்த்த அண்ணை, ஈரக் கயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.