ஐஸ்கிறீம் கடையில் எப்போதாவது அடிக்கும் மணி

என் அக்கா காங்கேசன்துறைக் கடற்கரைக்குப் போகிற வீதியில் ஒரு ஐஸ்கிறீம் கடை நடத்துகிறாள். கடை திறந்த புதிதில் அவளுக்கு இருந்த பெரிய தலையிடி பாட்டுத்தான். வானொலியைப் போட்டால் நடுவில் மரண அறிவித்தல் வந்துவிடும். ஐஸ்கிறீம் குடிக்க வந்த சனம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, செத்தது யார், தங்களுக்கு என்ன முறை என்று யோசிக்கத் தொடங்கிவிடும். சினிமாப் பாட்டுப் போட்டால் ஒரு மேசைக்குப் பிடித்தது மற்ற மேசைக்குப் பிடிக்காது.

"சொல்லே இல்லாத மாதிரி ஏதாவது செய்து தா. உன்னட்டை அந்தப் பெட்டி கிடக்குத்தானே" என்றாள் ஒரு நாள்.

அந்தப் பெட்டி என்னுடைய ட்ரம் மெஷின். பிரான்சில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. பேக்கரியில் வாங்கும் ஒரு றாத்தல் பாண் அளவுதான் இருக்கும். முகப்பில் ஒரே வரிசையாகக் கட்டைகள். எந்தக் கட்டையை அமத்தி அதன் விளக்கை எரியவிடுகிறோமோ, அந்த இடம் வரும்போது அந்தத் தாளம் விழும். வரிசை முடிந்ததும் முதலில் இருந்து தொடங்கும். நான் சுன்னாகத்தில் கைபேசி திருத்துகிறவன். பகல் முழுக்க மற்றவர்களின் உடைந்த கண்ணாடிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, பின்னேரத்தில் இந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு குளிப்புக் குளித்த மாதிரி.

நல்லதாக ஒரு அடி செய்து, பதிந்து, திரும்பத் திரும்ப ஓடும்படி கொடுத்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு கிழமை கழித்துக் கடைக்குப் போனபோது காசு மேசையில் இருக்கும் பெண் என்னைப் பார்த்ததும் எழும்பியே விட்டாள். அவள் மயிலிட்டிக்காரி. மனதில் உள்ளதை மறைத்துப் பழக்கமில்லாதவள்.

"அண்ணை, காலமையிலை இருந்து பொழுதுபடும் மட்டும் ஒரே டும்டக்கா, டும்டக்கா. வீட்டை போய்த் தேங்காய் திருவினாலும் அந்த அடியிலைதான் திருவுறன். என்ரை மனிசன் கேக்கிறார், உனக்கு என்ன பிடிச்சிருக்கு எண்டு."

பலூடாவும் சர்பத்தும் கலக்கும் மனிதர் உள்ளிருந்து தலையை நீட்டினார். அவர் முன்பு பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். எல்லாருக்கும் இன்னமும் கொண்டக்டர் அண்ணைதான்.

"தம்பி, நான் கனகாலம் எஞ்சின் சத்தத்துக்கை சீவிச்சவன். எஞ்சினும் கியர் மாத்தேக்கை சத்தம் மாறும். உம்மடை உது மாறாது."

அவர்கள் சொன்னது நியாயம். வாங்குகிறவன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவான். வேலை செய்கிறவர்கள்தான் நாள் முழுக்கக் கேட்கவேண்டும். அடுத்த நாள் பெட்டியையே கொண்டுவந்து வேஃபர் அடுக்கிய தகரப் பேணிகளுக்கு மேலுள்ள தட்டில் வைத்து ஸ்பீக்கரோடு பொருத்தினேன்.

அந்த மெஷினில் நான் அதுவரை பெரிதாகத் தொடாத ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு தாளத்துக்கும் நிகழ்தகவு கொடுக்கலாம். இது எப்போதும் விழட்டும், அது பாதித் தடவைதான் விழட்டும், மற்றது எப்போதாவது விழட்டும் என்று வீதக் கணக்கில் சொல்லிவிட்டால், மிச்சத்தை மெஷின் தானே பார்த்துக்கொள்ளும். எனக்கு வந்த உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் ஐம்பது வீதம் கொடுத்துவிட்டேன். பெரிய ட்ரம் ஒருமுறை விழுந்தது, இருமுறை விழவில்லை. கைதட்டல் தனியாக நின்று தட்டியது. மூலை மேசையில் இருந்த ஒரு பெரியவர் அக்காவைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஸ்பீக்கர் வயர் எங்கையோ லூஸ். கெதியா ஒரு ஆளைப் பிடிச்சுக் காட்டுங்கோ" என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஐஸ்கிறீம் உருகியிருக்கும்.

பிறகுதான் விளங்கியது. பெரிய ட்ரம் ஒருநாளும் பிசகக்கூடாது. அது நிலையாக நின்றால்தான் மற்றச் சின்னச் சத்தங்கள் வந்தும் வராமலும் விளையாடலாம். கைதட்டலுக்கு நாலாவது சுற்றில் மட்டும் வா என்று ஒரு நிபந்தனை. கிலுகிலுப்பை மாதிரி ஒரு சத்தத்துக்கு இன்னொரு நிபந்தனை: உனக்கு முன்னால் உள்ள தாளம் விழாமல் விட்டால் மட்டும் நீ விழு. ஆள் வராத இடத்தில் போய் உட்காருவது போல அது வந்து அழகாக உட்கார்ந்தது.

சில நாட்களில் மயிலிட்டிக்காரி கேட்டாள்: "இண்டைக்கு வேறை மாதிரிக் கிடக்கு. நீங்கள் வந்து மாத்தினனீங்களோ?"

"இல்லை. அது தானா மாறும்."

"தானாவோ?" என்று பெட்டியை ஒருமாதிரிப் பார்த்தாள். ஆனால் காசு எண்ணும்போது அவள் தலை மெல்ல ஆடியதைக் கண்டேன்.

அந்தச் சந்தோசத்தில் சும்மா ஒரு மணிச் சத்தம் சேர்த்தேன். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறைதான் அதற்குச் சந்தர்ப்பம். அந்தச் சந்தர்ப்பத்திலும் நூற்றில் ஒரு தடவைதான் அடிக்கும். ஒரு நாளில் அடுத்தடுத்து அடிக்கும். இன்னொரு நாளில் மத்தியானம் முழுக்கச் சத்தமே இராது.

முதல் மணி அடித்தபோது நான் கடையில் நின்றேன். டிங். கொண்டக்டர் அண்ணை சர்பத் ஊற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார். வாங்க நின்ற பெண் கிளாசையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உடம்பு பழகிப்போச்சுத் தம்பி" என்றார் பிறகு, வெட்கத்தோடு. "பஸ்ஸிலை ஒரு மணி எண்டால் நில். ரெண்டு மணி எண்டால் போ. நீர் நிப்பாட்டிப்போட்டுப் போக விடுறீரில்லை."

மெஷினில் அதற்கும் வழி இருந்தது. ஒற்றை மணி அடித்திருந்தால் மட்டும் அடுத்த சுற்றில் இரட்டை மணி அடிக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டேன். அடுத்த முறை ஒற்றை மணி அடித்ததும் அவர் கை நின்றது. இரட்டை மணி அடித்ததும் தன்னை அறியாமலே, "றைற், போகலாம்!" என்று கத்திவிட்டார். கடை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அவர் வேண்டுமென்றே கத்தத் தொடங்கினார். கதை ஊரெல்லாம் பரவிவிட்டது.

அதனால்தான் சிக்கல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கைபேசியில் கூப்பிட்டாள்.

"டேய், உடனை வா."

போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு கதிரையும் காலி இல்லை. கடலில் குளித்துவிட்டுக் காலில் மணலோடு வந்த சனம் வாசலில் நின்றது. உள்ளே இருப்பவர்களோ எழும்புவதாக இல்லை. தகப்பன், தாய், இரண்டு பெண்பிள்ளைகள் இருந்த மேசையில் கிண்ணங்கள் காய்ந்தே விட்டன. அக்கா போய், "வேறை ஏதும் கொண்டரட்டோ?" என்று நயமாகக் கேட்டாள்.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்றார் தகப்பன். "மணி அடிச்ச உடனை எழும்பிடுவம். கரவெட்டியிலை இருந்து வந்தனாங்கள். கேக்காமல் போனால் உதுகள் ரெண்டும் வழி முழுக்க அழுங்கள்."

அக்கா என்னைக் குளிர்பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "இப்பவே அந்த மணியைக் கழட்டு. ஒரு கிண்ணத்தோடை கடைசிமட்டும் இருந்தால் நான் எப்பிடி யாவாரம் செய்யிறது?"

ஸ்டூலை வைத்து ஏறினேன். கையைப் பெட்டியில் வைத்ததும் சின்னப்பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்தார்கள். "வேண்டாம் அண்ணை" என்றாள் மயிலிட்டிக்காரி. கொண்டக்டர் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் மனம் வரவில்லை.

"பொறு" என்றாள் அக்கா கீழே நின்று. "உது இப்பிடி எப்பவாவது ஒருக்காத்தான் அடிக்குமோ? கெதியா அடிக்கச் செய்யேலாதோ?"

"அடிக்கச் சொல்லேலாது. ஆனா சந்தர்ப்பத்தைக் கூட்டலாம்."

"அப்ப கூட்டு!"

சந்தர்ப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினேன். கொஞ்ச நேரத்தில் டிங். கடை அப்படியே அடங்கியது. டிங் டிங்.

"றைற், போகலாம்!"

பிள்ளைகள் துள்ளினார்கள். கரவெட்டிக் குடும்பம் கை தட்டி எழும்பியது. அவர்களைப் பார்த்துப் பக்கத்து மேசைகளும் எழும்பின. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். அக்கா வெறுமையான கதிரைகள் நிரம்புவதைப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் இருந்து இறங்கிய என்னிடம், "அந்தக் குமிழ் எது? எனக்கும் காட்டு" என்றாள்.

அன்றிலிருந்து மணி அவள் கையில். கிழமை நாட்களில் மத்தியானம் கடை வெறிச்சோடிக் கிடந்தால் குறைத்து வைப்பாள். வந்த இரண்டு பேர் காத்திருந்து காத்திருந்து இன்னொரு கிண்ணம் எடுப்பார்கள். கூட்டம் வந்தால் கூட்டுவாள். ஒருமுறை நூறு வீதத்துக்கே கூட்டிவிட்டாள். எட்டுச் சுற்றுக்கு ஒரு தடவை தவறாமல் மணி. கொஞ்ச நேரத்தில் ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. கொண்டக்டர் அண்ணைக்குத்தான் ஆத்திரம் வந்தது. "பிள்ளை, நான் என்ன எல்லா ஹோல்ற்றிலையும் நிப்பாட்டுற பஸ்ஸோ?" என்று கேட்டாராம். எவ்வளவு கூட்டலாம், எதற்கு மேல் கூட்டினால் சனம் மதிக்காது என்பதெல்லாம் இப்போது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

போன கிழமை போனபோது தாளத்தில் நான் வைக்காத ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் தட்டுவது போல இரண்டு சின்ன அடி. வருகிறதா என்று காத்திருந்தால் வராது. மறந்திருக்கும்போது வரும்.

"உது ஆர் வைச்சது?" என்று கேட்டேன்.

அக்கா ஐஸ்கிறீம் அள்ளிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நான்தான். ஏன், நல்லாயில்லையோ?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் கேட்காமலே மாம்பழ ஐஸ்கிறீம் ஒரு கிண்ணம் என் முன்னால் வந்தது. அதைக் குடித்து முடிக்குமட்டும் அந்த இரண்டு அடியும் திரும்ப வரவில்லை. நான் எழும்பவும் இல்லை.