இரண்டு அடிக்கு நடுவே ஒரு கிதார்

நேற்று பரணை ஒதுக்கும்போது பழைய கேசட் ஒன்று கிடைத்தது. அதன் நாடா வாசனை என்னைத் தூத்துக்குடி கடற்கரை ரோட்டில் இருந்த ரேடியோ கடைக்குக் கொண்டுபோனது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை.

எழுபதுகளின் கடைசியில், கப்பலில் வேலைபார்த்த எங்கள் அண்ணன் லண்டனிலிருந்து கொண்டுவரும் புதுப் பாப் குழுக்களின் கேசட்டுகள் அங்கேதான் சாயங்காலம் முழுக்க ஓடும். உப்புக்காற்றும் கருவாட்டு வாடையும் உள்ளே வர, கல்யாணங்களில் வாசிக்கும் பேண்ட்காரர்கள் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு கிதார் வாசிக்க என் அக்கா பிலோமினாவுக்குக் கொள்ளை ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் இரண்டு கேசட்டுகள் ஓடி முடிந்ததும் கடைக்கார அண்ணாச்சி, "ரெண்டு குழுவும் ஒரே இரைச்சல்தாம்ல" என்றார்.

"இல்ல அண்ணாச்சி," என்றாள் அக்கா. "மொத குழு ஜமைக்காக்காரன் தாளத்த எடுத்திருக்கு, கிதார் ரெண்டு அடிக்கு நடுவுல விழுது. மத்தவங்க நம்ம கோயில் ஆர்கன் மாதிரி கீபோர்ட இழுத்து வாசிக்காங்க, கிதார் அடங்கிக் கெடக்கு."

சொன்னதோடு நிற்காமல், சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து, எங்கள் மாதா பாட்டு ஒன்றை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினாள். டீயை எல்லோரும் மறந்துபோனார்கள். பேண்ட் மாஸ்டர் எழுந்து, "ஏளா, ஞாயித்துக்கெழம திரேஸ்புரத்துல கல்யாணம். வாசிக்க வாரியா?" என்று கேட்டார்.

அந்தக் கல்யாணத்தில் ஆண்களுக்கு நடுவே நின்று அக்கா வாசிக்க, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் தட்டிக் கூப்பிட்டு, "அது எங்க அக்கா, எங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது.