பகலில் எரிந்த விளக்கு

பீம்ராவுக்கும் அவன் பெண்சாதி ரமாபாய்க்கும் பஸ் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் வியாசர்பாடியிலிருந்து கிளம்பி, திருவொற்றியூர் டெப்போ வாசலில் நின்று, புதுசாக இறங்கிய வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுவார்கள். தூரத்தில் வரும்போதே எந்த ரூட்டு என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

போன மார்கழியில், விடிந்தும் விலகாத பனியில் மணலி ரோட்டைக் கடந்தவளை, விளக்குப் போடாமல் வந்த டேங்கர் லாரி அடித்துப் போட்டுவிட்டது.

ஏழு மாதம் கழித்து அவன் தனியாக டெப்போவுக்கு வந்தான். பளபளவென்று ஒரு புது பஸ், உச்சி வெயிலில் ஹெட்லைட் எரிய வந்து நின்றது. பகலில் விளக்கு எரிந்தால் நம்மூரில் எவன் சும்மா இருப்பான்? விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினான்.

"லைட்டு எரியுது நைனா, ஆஃப் பண்ணிடு!"

டிரைவர் சிரித்தார். "புது வண்டி அப்பிடித்தாம்பா. ரோட்ல நிக்கிறவன் கண்ணுக்கு வண்டி தெரியணும்ல?"

விரித்த விரல்கள் அப்படியே நின்றன. நம்பர் எழுதவே மறந்துபோனான்.

இப்போதும் ஞாயிறானால் அங்கேதான் நிற்கிறான். விளக்கில்லாமல் வருகிற பழைய பஸ்களைப் பார்த்து விரல்களைக் குவித்து விரிக்கிறான். எரியாத லைட்டை அணைக்கச் சொல்கிற கிறுக்கன் என்று டிரைவர்கள் சிரிக்கிறார்கள்.

அவன் போடச் சொல்கிறான்.