சிவப்புத் துண்டு வைத்த சாரன்

நேற்று கல்முனை பஸாரில் என் மகளைத் தொலைத்துவிட்டேன். முப்பது வயதுப் பிள்ளையைத் தொலைத்த பெருமை எனக்கே உரியது. பெருநாள் நெரிசல், எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்பு அபாயா. முழங்கையைப் பிடித்து இழுத்தால், "மாமி, நான் உங்கட மகளில்ல" என்று யாரோ ஒரு பிள்ளை சிரிக்கிறது. நல்லவேளை, மகள் போன் எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் வந்து நின்றாள்.

எனக்கென்னவோ கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியது. காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

அந்தக் காலத்தில் அபாயா ஏது? சேலைதான், முந்தானைதான் முக்காடு. வெளியே இறங்கினால் கையில் குடை. வெயிலுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். முகத்துக்கு முன்னால் தாழ்த்திப் பிடிக்க. குடைக்குக் கீழே தெரிவது ரோட்டும், முன்னால் போகிறவரின் சாரன் கரையும்தான். வாப்பா முன்னே, நான் பின்னே. தெருவில் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை வாய் திறந்து கூப்பிடுவதும் கிடையாது.

இறக்காமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு நியமனம் வந்தது. எங்கள் குடும்பத்தில் உத்தியோகத்துக்குப் போகும் முதல் பெண் நான். உம்மாவின் தம்பியான மாமாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஏதாவது பிசகினால் நான் வீட்டோடு இருக்க வேண்டும் என்று வாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். கடமையேற்க வேண்டிய கடைசி நாளில் காலையிலேயே பஸ் நிலையத்துக்கு நடந்து புறப்பட்டோம்.

அந்த வருஷம் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரே தினுசுச் சாரன்தான் வந்திருந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு. ஊரில் பாதிப்பேர் இடுப்பில் அதுதான். சந்தையில் வாப்பா யாருக்கோ ஸலாம் சொல்ல நின்றிருக்கிறார். நானோ நிற்காமல் போன இன்னொரு நீலச் சாரனுக்குப் பின்னால் போய்விட்டேன். செருப்புக்குள் மணல் புகுந்தபோதும் வாப்பா ஏதோ குறுக்கு வழியில் போகிறார் என்றே நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி! கருவாட்டு வாசம் வந்த பிறகுதான் குடையைத் தூக்கினேன். எதிரே கடல். முன்னால் பாண்டிருப்பு மீன்காரர் ஒருவர் திகைத்துப்போய் நின்றார்.

"ஆர்ர புள்ள நீ? ஏன் என்ட பின்னால வாறாய்?"

அழுதுவிட்டேன். பாவம், தன் வேலையைப் போட்டுவிட்டு அவர்தான் என்னை பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வாப்பா அங்கே என்னைத் தேடிக்கொண்டு நின்றார்; பஸ் போயிருந்தது. செய்தி எட்டி மாமாவும் வந்துவிட்டார். இப்போதே வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். வாப்பா அதிகம் பேசாத மனிதர்.

"பிழ என்ட. நான்தான் திரும்பிப் பாக்கல்ல" என்றார்.

அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டுபோய், பள்ளிக்கூடம் விடுவதற்குள் கையெழுத்துப் போடவைத்தார்.

மறுநாள் காலை அவர் சாரனின் பின்கரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் துண்டு. உம்மாவின் பழைய சட்டைத் துணி. "இதப் பாத்துக்கிட்டு வா மகள்" என்றார். வால் முளைத்துவிட்டதா என்று சந்தையில் கேலி செய்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. நான் தனியாகப் போகப் பழகிய பிறகும் அதைப் பிரிக்கவில்லை; வயலுக்கும் அதோடுதான் போனார். அந்தத் துண்டையே பார்த்து நடந்து நடந்து, அதற்குக் கீழே இருந்த வெடித்த குதிக்கால்களும் எனக்கு மனப்பாடம்.

இன்று என் மகள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள். முன்னால் யாரும் நடப்பதில்லை. நல்லதுதான், அந்தக் குடை எனக்குத் திரும்ப வேண்டாம். ஆண்களும் ஜீன்ஸும் சப்பாத்துமாகப் போகிறார்கள். யாருடைய குதிக்காலும் கண்ணில் படுவதில்லை.

வாப்பா மௌத்தான அன்று, எடுப்பதற்கு முன் எங்களுக்கு முகத்தைத் திறந்து காட்டினார்கள். நான் அவர் கால்களைத்தான் தேடினேன். அந்தப் பக்கம் கபன் துணியை ஏற்கெனவே கட்டியிருந்தார்கள்.