திரையில் வைத்த மை

மலேசியாவில், யோங் பெங்கில் எங்கள் வரிசை வீடுகளில் முதல் தொலைபேசி என் பெயரில்தான் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோதே மனுப் போட்டு வாங்கினேன். அதனால்தான் மகன் கம்ப்யூட்டர் வாங்கி அதே லைனில் இன்டர்நெட் எடுத்தபோது, இமெயில் முகவரியும் என் பெயரிலேயே அமைந்தது. தோட்டப் பள்ளியில் ரெண்டாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் எந்த நாட்டிலிருந்தும் கடிதம் என்னைத் தேடி வரலாம் என்றான் மகன். நம்ப முடியவில்லை, பெருமையாகவும் இருந்தது.

அப்போது லண்டனில் நர்சாக இருந்த மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பிழைக்குமா என்று கேட்க வாய் வரவில்லை. மருமகன் இமெயிலில் படம் அனுப்பியிருப்பதாகச் சொன்னதும் மகனை இழுத்து உட்காரவைத்தேன்.

மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கியது. படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. வெள்ளைத் துணி. குல்லா. நெற்றி. அதோடு நின்றுவிட்டது.

எழுந்து போய்ப் பார்த்தால், அடுப்படியில் பக்கத்து வீட்டு அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். வரிசைக்கே எங்கள் போன்தான். பின்வாசலால் வந்து எடுத்துப் பேசுவது வழக்கம்.

"என்னா தங்கச்சி, ஒன் போனு பேய் புடிச்ச மாதிரி கத்துது?"

"பெரியம்மா, எடுத்தா இன்டர்நெட் அறுந்துரும்லா," என்றான் மகன்.

"அலமாக், தெரியாமப் போச்சே. மீன்காரன கூப்புடலாம்னு வந்தேன்பா."

"பேத்தி நெத்தியோட நிக்கிறா, அக்கா," என்றேன்.

அக்கா போனை வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நீ போயி பாரு. எவ வந்து தொடுறான்னு நான் பாக்குறேன்."

மறுபடி முதலிலிருந்து வந்தது. நெற்றி. மூடிய கண். மூக்கில் குழாய். என் உதடு, அப்படியே என் உதடு. கடைசியில் கை. அவ்வளவு சின்னக் கை அப்பன் விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. கடல் தாண்டி, ஒரு கம்பிக்குள் நுழைந்து, என் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

சாமி மேடையிலிருந்த மைச்சிமிழை எடுத்துவந்து, திரையில் அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

"அம்மா, இது வெறும் கண்ணாடி. மை அங்க போவாது."

"அவளே இங்க வந்துட்டா. மை போவாதா?"

"வந்துட்டாளா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டா, வந்து பாருங்க," என்றேன்.

படத்தை மூடிய பிறகும் மை திரையிலேயே இருந்தது. மகன் அதைச் சுற்றித்தான் வேலை பார்த்தான். துடைக்க நான் விடவில்லை. ஒருநாள், குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மகள் மடியில் கொடுத்துவிட்டார்கள் என்று என் முகவரிக்கு இமெயில் வந்தது. மகன் வாசித்துச் சொன்னான். அதன் பிறகு சேலை முந்தானையை நனைத்து, நானே துடைத்தேன்.