மூன்று பத்திக்குக் குறையாமல்

எங்கள் கதைக் குழுவில் சேர்ந்த அன்று அவர் எழுதியது ஒன்றரை வரி. குழுவை நடத்துபவள் என்ற தோரணையில் அவரைக் கண்டித்து நான் எழுதியது பதினோரு வரி. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எட்டுப் பேர் சேர்ந்து இணையத்தில் எழுத்தாலேயே ஆடும் விளையாட்டு அது. பனிமலைகளுக்கு நடுவே ஒரு நெடுந்தூர ரயில், ஆளுக்கொரு பாத்திரம். என் பாத்திரம் என்ன செய்தது, என்ன பேசியது என்று நான் எழுதினால், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் எழுதுவார். பெரும்பாலும் பாத்திரத்தின் பெயர் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். நான் ரயில் டிரைவர். பிழைப்பு, ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை. ஒன்றரை வரி எழுதியவர் டிக்கெட் பரிசோதகர். பிழைப்பு, லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடியில் லிஃப்ட் இயந்திரம் ஓடும் சிறு அறைக்குள், சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனில் எழுதுவார்.

ஒரு பதிவு மூன்று பத்திக்குக் குறையக்கூடாது என்பது நான் போட்ட விதி. 'சரி என்றான்' என்று இரண்டு சொல்லைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களிடம் நிறையச் சூடுபட்டிருந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். நீளமா எழுதிப் பழக்கமில்ல. முயற்சி பண்றேன்" என்று என் பதினோரு வரிக்கு அவர் பதில் போட்டார்.

முயன்றார். மறுநாள் ஐந்து பத்தி வந்தது. பனி பெய்தது, பிறகும் பெய்தது, கண்ணாடியில் படிந்தது, அதன் வெண்மை இன்னின்னது போல இருந்தது. ஐந்தாம் பத்தியின் கடைசியில்தான் பரிசோதகர் இருக்கையை விட்டு எழுந்தார். நான் பத்திகளை எண்ணிப் பார்த்துப் பாராட்டினேன். ஆனால் ஒருவரும் தொடரவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு தொடர்வது? அதைப் படித்த அவர் மனைவி சொன்னதைப் பிற்பாடு அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "ஏங்க, இது நீங்க பேசுற மாதிரியே இல்லையே. வீடு விக்கிற விளம்பரம் மாதிரி இருக்கு."

அடுத்த வாரம் எங்கள் துப்பறிவாளர் பதிவு போட்டார். நிஜத்தில் அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எழுத உட்கார்ந்தால் மடை திறந்த வெள்ளம். பன்னிரண்டு பத்தி. அதற்குள் ரயில் பனியில் சிக்கி, விளக்கு அணைந்து, கொலை நடந்து, பயணியான டாக்டரம்மா அழுது, டிரைவரான நான் மயங்கி விழுந்து, கொலைகாரனையும் அவரே பிடித்துவிட்டார். விதிப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் மற்ற ஏழு பேருக்கும் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. ஒன்பது நாள் குழு பேச்சுமூச்சற்றுக் கிடந்தது.

பத்தாம் நாள் மதியம் மெக்கானிக் எழுதினார்:

பரிசோதகர் ஆறாம் பெட்டியின் கதவைத் தட்டினார். "உள்ள மூணு பேரு இருக்கீங்க. டிக்கெட் ரெண்டுதான் இருக்கு. டிக்கெட் இல்லாத அந்த மூணாவது ஆளு யாரு?"

ஒரு மணி நேரத்தில் நாலு பேர் பதில் எழுதிவிட்டார்கள். டாக்டரம்மா தன் பெட்டியில் யாரையோ ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்தது. நான் மயக்கம் தெளிந்து எழுந்தேன். துப்பறிவாளர் மட்டும் பொரிந்து தள்ளினார்: "நான் ராப்பகலா எழுதினதுக்கு ரெண்டு வரியா? விதி எனக்கு மட்டும்தானா?"

நியாயமான கேள்விதான். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"வேலையில நான் லிஃப்ட் கூரை மேல நிப்பேன் மேடம். கூட்டாளி மேல இருந்து இயக்குவார். கையில வாக்கிடாக்கி. 'கீழ', 'நில்லு', 'போதும்'. அவ்வளவுதான் பேச்சு. பேசும்போது பட்டனை அமுக்கிட்டே இருக்கணும். அமுக்கியிருக்கற வரைக்கும் அவர் பேசறது எனக்குக் கேக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு கையை எடுத்துடணும். அந்தப் பழக்கந்தான்."

போனை வைத்தேன். அன்று மாலை விதியை மாற்றினேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்தவர் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றை விட்டுவைக்க வேண்டும். துப்பறிவாளர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஆறே வரியில் ஒரு பதிவு போட்டார்.

இந்த மனிதருக்குச் சுருக்கம் ஒன்றுதான் கைவரும் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அதுவும் தப்பு.

டாக்டரம்மாவாக எழுதி வந்தவர் பள்ளிக்கூட நூலகர். அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் திரையைப் பார்க்கக்கூடாது. "என் டாக்டரம்மாவை நல்லபடியா இறக்கி விட்டுடுங்க" என்று எழுதினார். யார் எழுதுவது என்று நாங்கள் முழித்தோம். மெக்கானிக் மூன்று நாள் அவகாசம் கேட்டார்.

மூன்று சாப்பாட்டு நேரம். பதினெட்டுப் பத்தி. பேரில்லாத ஒரு சிற்றூர் நிலையத்தில் ரயில் நிற்கிறது. டாக்டரம்மாவின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பரிசோதகர் முன்னால் நடக்கிறார். வழியில் ஒவ்வொரு பெட்டியிலும் நின்று, டாக்டரம்மாவால் பிழைத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்கிறார். யாரும் அழவில்லை. பிளாட்பாரத்தில் டாக்டரம்மா டிக்கெட்டை நீட்டுகிறார்; பரிசோதகர் வாங்காமல், "வச்சுக்கங்க. இன்னும் செல்லும்" என்கிறார்.

கண்கட்டோடு படுத்திருந்த நூலகருக்கு அவர் கணவர் அதை உரக்கப் படித்துக் காட்டினாராம். முடித்ததும் நூலகர், "மறுபடி படிங்க" என்றாராம். துப்பறிவாளர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "தொழில் புத்தியில வெட்டறதுக்கு எடம் தேடிப் பார்த்தேன். ஒரு சொல்கூடக் கிடைக்கல."

நாலு மாதம் கழித்து நூலகர் குழுவுக்குள் வந்து, "எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். ரயில் ரொம்ப தூரம் போயிருக்கும் இல்ல?" என்று கேட்டார்.

உண்மைதான், மூன்று மலை தாண்டியிருந்தோம். என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் மெக்கானிக்கின் பதிவு வந்து விழுந்தது. டிரைவரான என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பரிசோதகர் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்.